பழைய அனலாக் சாட்டிலைட் ரிசீவர்: என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

பினாங்கு ஆயர் ஈத்தாம்ல ஒரு பிளாட்ல இருக்கேன், மேசை மேல ரெண்டு பழைய அனலாக் ரிசீவர், அதாவது டிஷ்ல வர்ற டிஜிட்டல் இல்லாத பழைய வகை சிக்னல டிவி படமா மாத்தற பொட்டி, எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க, லோரோங் குலிட் சந்தையில பாக்கறவங்க, மாமாக் கடையில தே தாரேக் குடிக்கறப்போ கூட உக்காந்திருக்கறவங்கன்னு எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டுட்டேன். மேலேருந்து வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்ல பழசத் திரும்ப எழுதல.

அண்ணே, இந்தப் பொட்டியில இப்போ ஏதாச்சும் சேனல் வருமா?

வராது. மொதல்லயே சொல்லிடறேன், இத நம்பி காசு போட்டுட்டு அப்புறம் மனசு கஷ்டப்படக் கூடாது. 1990 ஏப்ரல்ல ஏசியாசாட் 1 மேல போச்சு, 105.5 டிகிரி கிழக்குல நின்னுச்சு, அடுத்த வருஷம் ஸ்டார் டிவி அதுலதான் ஆரம்பிச்சாங்க, அப்போ இந்த மாதிரிப் பொட்டிதான் ராஜா. இந்தோனேசியாவோட பாலாப்பா, இந்தியாவோட இன்சாட் எல்லாத்துலயும் அனலாக் படம் ஓடுன காலம் அது. அப்புறம் ஒரு அனலாக் சேனல் புடிக்கற எடத்துல பல டிஜிட்டல் சேனல அடைக்கலாம்னு ஆனதும் எல்லாரும் மாறிட்டாங்க. ஜெர்மனியில கூட 2012 ஏப்ரல் 30ஆந்தேதியோட சாட்டிலைட் அனலாக்க மொத்தமா நிறுத்திட்டாங்க.

அஸ்ட்ரோ கார்ட சொருகுனா ஓடாதா?

ஓடாதுங்க. நம்ம மலேசியாவோட காசு கட்டற சாட்டிலைட் டிவி அஸ்ட்ரோ, அது 1996ல மெஸாட் 1 மூலமா ஆரம்பிச்சப்பவே டிஜிட்டல்தான், ஒரு நாள் கூட அனலாக்ல வந்ததில்ல. சில பழைய பொட்டியில முன்னாடி கார்டு ஓட்டை இருக்கும், அது ஐரோப்பாவுல இருந்த வீடியோகிரிப்ட்ங்கற அனலாக் பூட்டுக்கு உண்டானது.

அப்போ எதுக்குங்க இத வச்சிக்கிட்டு இருக்கீங்க?

படம் எப்படி காத்துல வருதுன்னு கையால தொட்டுப் பாக்கறதுக்கு. டிஜிட்டல் பொட்டியில சிக்னல் நல்லா இருந்தா படம், கெட்டா கறுப்பு, நடுவுல என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. இதுல ஒரு திருகாணிய லேசா திருப்புனா படம் மாறும், கேபிள் தளர்ந்தா தெரியும், எல்லாமே கண்ணு முன்னாடி நடக்கும். நான் எலக்ட்ரானிக்ஸ் புரிஞ்சிக்கிட்டதே இதுலதான், இப்போ அக்கா பையனுக்கும் இத வச்சுத்தான் சொல்லிக்குடுக்கறேன், அவன் பாடப்புத்தகத்துல ரெண்டு வருஷமா புரியாத எப்எம்ம ஒரே சாயங்காலத்துல புரிஞ்சிக்கிட்டான்.

செய்யறதுக்கும் நெறைய இருக்கு. நம்மளே ஒரு சின்ன சிக்னல் தயார் பண்ணி கேபிள் வழியா உள்ள விட்டு படம் பாக்கலாம், சூரியன்லேருந்து வர்ற ரேடியோ இரைச்சல மீட்டர்ல பாக்கலாம், கெட்டுப்போன பொட்டிய உயிர் குடுத்து எழுப்பறதே தனி சந்தோஷம்.

அனலாக்னா பழைய ஏரியல் டிவி மாதிரி தானே, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்ல. ஏரியல்ல ஆர்டிஎம், டிவி3 எல்லாம் வந்தது ஏஎம் வகை, அதாவது அலையோட பலம் கூடிக் கொறையும், ஒரு சேனலுக்கு 7 இல்லாட்டி 8 மெகாஹெர்ட்ஸ் போதும், அது 2019 அக்டோபரோட நம்ம நாட்டுல முடிஞ்சது. சாட்டிலைட்ல வந்தது எப்எம், படத்தோட வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி அலைவரிசையே மேலயும் கீழயும் ஆடும், அதுக்கு ஒரு சேனலுக்கு 27 மெகாஹெர்ட்ஸ் மாதிரி அகலமா எடம் வேணும். எதுக்கு இவ்ளோ எடத்த வீணாக்குனாங்கன்னா, சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அதோட சக்தியும் கொஞ்சந்தான், எப்எம்ல அகலத்தக் குடுத்து இரைச்சலக் கொறைக்கலாம். அதனாலதான் ரெண்டு பொட்டியும் ஒண்ணுக்கொண்ணு மாத்த முடியாது.

எங்க கெடைக்கும், எவ்ளோ குடுத்து வாங்கலாம்?

பினாங்குல லோரோங் குலிட், காலையிலயே போகணும், வெயில் ஏறுனா நல்ல சாமானெல்லாம் போயிடும். கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்கறவங்க ஞாயித்துக்கெழம பிஜே (பெட்டாலிங் ஜெயா) அம்கார்ப் மால் சந்தையப் பாருங்க, பார்ட்ஸ் வேணும்னா புடு பக்கம் ஜாலான் பாசார் கடைங்க. பழைய இரும்புக் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சா அவரே போன் பண்ணுவாரு. என் மொத பொட்டி 15 வெள்ளி (ரிங்கிட்), ரெண்டாவது மேடான்லேருந்து சொந்தக்காரர் சும்மா எடுத்துட்டு வந்து குடுத்தாரு, சுமத்ரா பக்கம் வீட்டுக்கு வீடு பராபோலான்னு பெரிய டிஷ் வச்சிருந்தவங்க, அங்க இன்னும் அலமாரி மேல கெடக்கு. ஓடாத பொட்டிக்கு 30 வெள்ளிக்கு மேல நான் குடுக்க மாட்டேன்.

வாங்கறப்போ பின்னாடி எழுதியிருக்கற வோல்டேஜப் பாருங்க. டிரேக், சாப்பரல் மாதிரி அமெரிக்கா பொட்டிங்க 120 வோல்ட், நம்ம 240ல நேரா சொருகுனா போச்சு, ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும். அப்புறம் உள்ள வர்ற அலைவரிசை எவ்ளோன்னு பாருங்க, ரொம்பப் பழசு 950லேருந்து 1450 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அப்புறம் வந்தது 1750, கடைசியா வந்தது 2000க்கு மேலயும் போகும். அகலமா இருக்கறது கெடைச்சா அத எடுங்க, கடைசிக் கேள்வியில அதுக்குக் காரணம் இருக்கு.

வாங்கியாந்த ஒடனே பிளக்க சொருகிப் பாக்கலாமா தம்பி?

வேணாம் அங்கிள், ஆசையா இருக்கும், ஆனா வேணாம். இருவது முப்பது வருஷம் நம்ம ஊரு ஈரக் காத்துல கெடந்த பொட்டி, உள்ள பல்லி முட்ட, எறும்புப் புத்து, துரு எல்லாம் இருக்கும். மொதல்ல மூடியக் கழட்டி தூசிய பிரஷ்ல தட்டுங்க, மேல பொடச்சு நிக்கற கப்பாசிட்டர், அடியில ஒழுகி பச்சையா ஆன எடம் இருக்கான்னு பாருங்க. சில பொட்டியில சேனல் ஞாபகத்துக்கு ஒரு சின்ன ரீசார்ஜ் பேட்டரி போர்டுலயே பத்த வச்சிருப்பாங்க, அது ஒழுகி பக்கத்துல இருக்கற செம்பு ரோட்ட எல்லாம் தின்னுடும், அத வெட்டி எடுத்துட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் வச்சு தொடச்சுடுங்க.

அப்புறம் சீரீஸ் பல்ப். 60 வாட்ஸ் பழைய குண்டு பல்ப கரண்டு லைன்ல தொடரா மாட்டி அது வழியா பொட்டிக்கு கரண்டு குடுங்க. ஒரு தடவ பளிச்சுன்னு எரிஞ்சு மங்குனா நல்லது, அப்படியே முழுசா எரிஞ்சிக்கிட்டு இருந்தா உள்ள எங்கயோ ஷார்ட். பவர் சப்ளைல பெரிய கப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல புடிச்சு வச்சிருக்கும், பிளக்க எடுத்ததுக்கு அப்புறமும் அடிக்கும், மீட்டர் வச்சு இறங்கிடுச்சான்னு பாத்துட்டுத்தான் கைய விடணும். கரண்டு வேலை பழக்கம் இல்லாதவங்க இந்த ஒரு கட்டத்த மட்டும் தெரிஞ்ச டிவி ரிப்பேர்காரர்கிட்ட குடுத்துடுங்க, இதுல வீராப்பு வேணாம்.

பின்னாடி இத்தன ஓட்டை இருக்கே, எது எதுக்கு?

திருகு போட்ட எப் கனெக்டர் டிஷ் எல்என்பிலேருந்து (டிஷ் முன்னாடி நின்னு சிக்னலப் புடிச்சு கேபிள்ல அனுப்பற சின்ன டப்பா) வர்ற கேபிளுக்கு, அதுலயே மேல 13 இல்லாட்டி 18 வோல்ட் போகும், இத நல்லா மனசுல வச்சுக்குங்க. மஞ்ச, வெள்ள, செவப்பு ஓட்டை டிவிக்கு. பேஸ்பேண்டுன்னு போட்டிருந்தா அது வடிகட்டாத பச்ச சிக்னல், அந்தக் காலத்துல பூட்டுன சேனலத் தொறக்கற டீகோடர் மாட்டறதுக்கு.

மூணு கம்பி மாட்டற எடம் போலரோட்டருக்கு, அதாவது டிஷ் நடுவுல இருக்கற சின்ன ஆன்டெனாவத் திருப்பற குட்டி மோட்டார், செவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ள பல்ஸ். எம்1, எம்2ன்னு போட்டிருந்தா அது டிஷ்ஷையே நகத்தற 36 வோல்ட் மோட்டாருக்கு, அதுல வேற எதையும் மாட்டிடாதீங்க.

டிவில வெறும் நீலமா இருக்கு, பொட்டி செத்துடுச்சா?

பொட்டி நல்லா இருக்கலாம், டிவிதான் மறைக்குது. புது டிவிங்க சரியான சிக்னல் இல்லேன்னா தானா நீலத்தப் போட்டு மூடிடும், அனலாக்ல நமக்கு வேண்டியதே அந்த மூடி மறைக்கற புள்ளிக் கூட்டந்தான். டிவி மெனுல நீலத்த நிறுத்தற எடம் இருந்தா நிறுத்துங்க, இல்லாட்டி ஒரு பழைய குண்டு டிவி தேடுங்க, தூக்கிப் போடறவங்க நெறைய பேரு இருக்காங்க. மஞ்ச வயர ஏவில சொருகி, எல்என்பி ஓட்டைல ஒண்ணும் மாட்டாம புள்ளியும் உஸ்ஸுன்னு சத்தமும் வந்தாலே ட்யூனர் (அலைவரிசையத் தேடிப் புடிக்கற பகுதி) ஓரளவுக்கு உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

டிஷ் வைக்கணுமே, மேனேஜ்மென்ட் விடுவாங்களா, சட்டம் என்ன சொல்லுது?

பிளாட்ல இருந்தா மேனேஜ்மென்ட்கிட்ட கேக்காம சொவத்துல ஒரு ஓட்டை கூட போடாதீங்க. நம்ம நாட்டுல டிஷ் விஷயம் எப்பவுமே கொஞ்சம் கறாரு, 1996க்கு முன்னாடி சாதாரண வீட்டுல டிஷ் வைக்கவே விடல, அஸ்ட்ரோ வந்தப்பதான் சின்ன டிஷ் வந்துச்சு. பெரிசு வைக்கணும்னு ஆச இருந்தா மொதல்ல எம்சிஎம்சிகிட்ட (தொலைத்தொடர்பக் கவனிக்கற அரசாங்க ஆணையம்) எழுதிக் கேட்டுட்டு அப்புறம் கம்பி நடுங்க.

ஆனா நான் சொல்ற வேலைக்கு டிஷ்ஷே வேணாம், மேசை போதும்.

டிஷ் இல்லாம சிக்னல் எங்கேருந்து வரும்?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க. சாட்டிலைட்லேருந்து 4 கிகாஹெர்ட்ஸ்ல வர்றத எல்என்பி கீழ எறக்கி 950லேருந்து 1750 மெகாஹெர்ட்ஸ்குள்ள பொட்டிக்கு அனுப்புது. பொட்டிக்கு சாட்டிலைட்டத் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது இந்த 950 டு 1750தான். அதனால நம்ம 1200 மெகாஹெர்ட்ஸ் கிட்ட ஒரு எப்எம் வீடியோ சிக்னல் குடுத்தா அது சந்தோஷமா படம் காட்டும். பழைய 1.2 கிகா ஏவி சென்டர் மாடியூல் (படத்தையும் சத்தத்தையும் ரேடியோ சிக்னலா மாத்தி அனுப்பற சின்ன போர்டு) ஒண்ணு இருந்தா போதும், டிவிடி பிளேயரோட மஞ்ச வயர அதுல சொருகுனா வேலை முடிஞ்சது. நான் மொதல்ல ஓட்டுனது எங்க அக்கா கல்யாண டிவிடி, முப்பது வருஷப் பொட்டியில நாதஸ்வரம் கேட்டப்போ அம்மா சமையக்கட்டுலேருந்து ஓடியாந்துட்டாங்க.

ஆன்டெனா மட்டும் மாட்டவே கூடாது, கேபிள்லயே போகணும். சென்டர்லேருந்து வர்ற சக்தி 50 மில்லிவாட்னா அது ரிசீவருக்கு ரொம்ப ரொம்ப அதிகம், கொறைக்கணும். சிக்னலக் கொறைக்கற 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் மூணு வரிசையா மாட்டுனா 60 டெசிபெல், அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதுதான் பொட்டிக்குப் பழக்கமான அளவு. மாடியூல ஒரு மைலோ டின்னுக்குள்ள வச்சு மூடி, டின்ன கேபிளோட கிரவுண்ட்ல சேத்துட்டா வெளிய கசியறதும் கொறையும்.

நீங்க சொன்ன மாதிரியே மாட்டுனேன், அட்டெனுவேட்டர் சூடாகி கருகிடுச்சு ப்ரோ!

எல்என்பி ஓட்டைல 13 இல்லாட்டி 18 வோல்ட் வெளிய வருதுன்னு ஓட்டைங்க பத்தின கேள்வியில சொன்னேனே, அதுதான் வேலையக் காட்டிடுச்சு. அட்டெனுவேட்டர் உள்ள இருக்கறது சின்னச் சின்ன ரெசிஸ்டர், 18 வோல்ட்ட தாங்காது. ரிசீவர் ஓட்டையில மொத ஆளா டிசி பிளாக் (வோல்ட்ட நிறுத்தி சிக்னல மட்டும் விடற துண்டு) மாட்டணும், அதுக்கு அப்புறம் அட்டெனுவேட்டர், கடைசியில சென்டர். மெனுல எல்என்பி பவர் ஆப்னு இருந்தா அதையும் நிறுத்துங்க, ஆனா அத மட்டும் நம்பாதீங்க, கரண்டு போய் வந்தா சில பொட்டி பழைய செட்டிங்குக்கு ஓடிடும்.

1200ல அனுப்பறேன், பொட்டியில 3950ன்னு இருக்கற எடத்துல படம் வருது, ஏன்?

பொட்டி கணக்குப் போட்டுக் காட்டுது. சி பேண்ட் (மேல சொன்ன 4 கிகா பக்கம்) எல்என்பிக்குள்ள 5150 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு ஆசிலேட்டர், அதாவது தானே அலை உண்டாக்கற சர்க்யூட், ஓடும், அதுலேருந்து சாட்டிலைட் அலைவரிசையக் கழிச்சது கேபிள்ல வரும். 5150லேருந்து 1200 போனா 3950. கே யூ பேண்ட் (10 கிகாவுக்கு மேல, சின்ன டிஷ்ல வர்றது) பொட்டியா இருந்து எல்என்பி 9750ன்னு வச்சிருந்தா கூட்டணும், 10950ன்னு காட்டும். வெறும் சேனல் நம்பர் மட்டும் காட்டற பொட்டியா இருந்தா மெதுவா ஒவ்வொண்ணா தள்ளிப் பாக்கறதத் தவிர வேற வழி இல்ல, புடிச்ச ஒடனே ஒரு தாள்ல எழுதி மூடியில ஒட்டிடுங்க.

படம் கிழிஞ்சு கிழிஞ்சு ஓடுது, மொகமெல்லாம் போட்டோ நெகட்டிவ் மாதிரி இருக்கு

மேல சொன்ன கழித்தல்தான் இதுக்கும் காரணம். கழிக்கறப்போ அலைவரிசை தலகீழா ஆயிடுது, மேல போனது கீழ வரும், அதனால சி பேண்ட் நிலையில பொட்டி படத்தத் திரும்பக் கவுத்துக் காட்டும். நம்ம மேசையில எல்என்பியே இல்ல, கவுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வீடியோ போலாரிட்டின்னு ஒரு சுவிட்ச் இருக்கும், சிலதுல சி / கே யூன்னு எழுதியிருக்கும், அத கே யூ பக்கம் தள்ளுங்க, படம் நிமிந்து நின்னுடும்.

நிக்குது, ஆனா படம் சாயங்கால வெளிச்சத்துல எடுத்த மாதிரி மங்கலா இருக்கே?

சாட்டிலைட்ல படத்துக்காக அலைவரிசை ஆடற ஆட்டம் பெருசு, சின்ன சென்டர் மாடியூல்ல கம்மி. பொட்டி பெரிய ஆட்டத்த எதிர்பாத்து செஞ்சது, கம்மியா ஆடுனா கம்மியான வோல்டேஜ்தான் வெளிய தரும். உள்ள வீடியோ லெவல்னு ஒரு சின்ன திருகாணி இருந்தா லேசா ஏத்துங்க, இல்லாட்டி வெளிய ஒரு வீடியோ ஆம்ப்ளிபயர். சென்டருக்கு உள்ள போற வீடியோவ அளவில்லாம ஏத்திடாதீங்க, வெள்ள எடமெல்லாம் கிழியும். பேண்ட்வித் (சேனல் அகலம்) சுவிட்ச் இருந்தா 27லேருந்து 18 மெகாஹெர்ட்ஸுக்கு மாத்திப் பாருங்க, இரைச்சல் கொறையும்.

படம் வருது, சத்தம் வரமாட்டேங்குது

சத்தம் படத்துக்குப் பக்கத்துல தனியா ஒரு குட்டி அலைவரிசையில குந்தியிருக்கும். சாட்டிலைட் காலத்துல 6.6, 6.8 மெகாஹெர்ட்ஸ் மாதிரி இருந்துச்சு, ஐரோப்பா ஸ்டீரியோ 7.02, 7.20, நம்ம சென்டர் மாடியூல்ல பெரும்பாலும் 6.0 இல்லாட்டி 6.5. ஆடியோ ட்யூன் பண்ற வசதி இருக்கற பொட்டியா இருந்தா 5.5லேருந்து மெதுவா ஏத்திக்கிட்டே வாங்க, திடீர்னு பேச்சு வரும். பேச்சு வந்தும் சீன்னு கூர்மையா இருந்தா டீஎம்பசிஸ் (கீச்சு சத்தத்தக் கொறைக்கற செட்டிங்) மாத்துங்க, 50, 75, ஜே17னு மூணு இருக்கும், காதுக்கு எது சரியோ அதுதான் சரி.

திடீர்னு வெள்ளையும் கறுப்புமா குட்டி மீன் மாதிரி கோடு ஓடுதே, பழுதா?

பழுது இல்லீங்க, இதப் பாக்கத்தான் நான் இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தேன். இங்கிலீஷ்காரங்க இத ஸ்பார்க்லிஸ்னு சொல்லுவாங்க, பளபளன்னு மின்னறதால. எப்எம்ல சிக்னல் இரைச்சல விட கிட்டத்தட்ட 8 டெசிபெல் மேல இருக்கற வரைக்கும் படம் சுத்தமா இருக்கும், அதுக்குக் கீழ போனதும் இரைச்சல் அப்பப்போ சிக்னல மிஞ்சிடும், அந்த ஒரு நொடிக்கும் கொறஞ்ச நேரத்துல டெமாடுலேட்டர் (அலைவரிசை ஆட்டத்தப் படமா மாத்தற பகுதி) தடுக்கி விழும், அந்தத் தடுக்கல்தான் கோடா தெரியுது. வெளிச்சமான எடத்துல கறுப்பு மீன், இருட்டுல வெள்ள மீன், அடர் செவப்பு எடத்துல ரொம்ப அதிகம். எங்க அக்கா கூறப்பொடவை அரக்குச் செவப்பு, மொத மீன் எப்பவும் அவங்க முந்தானையிலதான் வரும்.

செஞ்சு பாருங்க. மாத்தக் கூடிய அட்டெனுவேட்டர் ஒண்ணு மாட்டி ஒவ்வொரு டெசிபெலா கூட்டிக்கிட்டே போங்க. சுத்தமான படம், அப்புறம் ஒண்ணு ரெண்டு மீன், அப்புறம் கூட்டமா, அப்புறம் மழ, அப்பவும் மணமக்கள் தெரிவாங்க, தாலி கட்டறது தெரியும், அப்புறம் கலர் போயிடும், கடைசியில புள்ளிக்குள்ள உருவம் மட்டும் அசையும். டிஜிட்டல்ல இந்த நடுவழி முழுக்க இல்லவே இல்ல. நான் நோட்டுல எத்தனாவது டெசிபெல்ல என்ன ஆச்சுன்னு ரெண்டு பொட்டிக்கும் எழுதி வச்சிருக்கேன், மேடான் பொட்டி 3 டெசிபெல் அதிகமா தாங்குது, பாக்க அழுக்கா இருந்தாலும் உள்ள இருக்கற டெமாடுலேட்டர் நல்லது.

கேபிள்லயே எதுக்கு, ஒரு சின்ன ஆன்டெனா போட்டு எதிர் பிளாக்ல இருக்கற பிரெண்டுக்கு அனுப்புனா என்ன?

கூடாது, இதுல எனக்கு வளைஞ்சு குடுக்க மனசு இல்ல. 960லேருந்து 1215 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் விமானங்க தூரம் அளக்கற கருவி ஓடுது, அதுக்குள்ளயே 1030லயும் 1090லயும் விமானத்தோட டிரான்ஸ்பாண்டர் பேசுது, 1227.6ல ஜிபிஎஸ்ஸோட ரெண்டாவது அலைவரிசை இருக்கு. மலிவு மாடியூல்ல வர்ற 1080, 1120, 1160, 1200 எல்லாம் நேரா அதுக்குள்ளதான் விழுது. பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட் நம்ம தீவுலயேதான் இருக்கு, எறங்கற விமானம் நம்ம கூரைக்குப் பக்கத்துல போகுது.

நெஜமாவே காத்துல அனுப்பணும்னா அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி எம்சிஎம்சி லைசென்ஸ் வாங்குங்க. நம்ம தீபகற்பத்துல 9எம்2, 9டபிள்யூ2ன்னு ஆரம்பிக்கற கால்சைன் வச்சிருக்கறவங்க அவங்கதான். அமெச்சூர்காரங்களுக்கு உலகம் பூரா 1240லேருந்து 1300 வரைக்கும் ஒரு பட்டை உண்டு, பல நாட்டுல அதுல பழைய சாட்டிலைட் ரிசீவரையே வச்சுத்தான் டிவி புடிக்கறாங்க, உங்க வகை லைசென்ஸ்ல அந்தப் பட்டை இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

சூரியன மீட்டர்ல பாக்கலாம்னீங்களே, அது எப்படி?

அதுக்கு ஒரு பழைய 60 சென்டி டிஷ்ஷும் கே யூ எல்என்பியும் போதும், சந்தையில தனியா வாங்குங்க, வீட்டு அஸ்ட்ரோ டிஷ்ஷத் தொடாதீங்க. கையில புடிக்கற மாதிரி ஒரு ஸ்டாண்டுல மாட்டி, கேபிள நேரா பொட்டியில சொருகுங்க, இந்தத் தடவ 18 வோல்ட் வேணும், டிசி பிளாக் வேணாம். வெறும் வானத்தக் காட்டி சிக்னல் மீட்டரப் பாருங்க, அப்புறம் சொவத்தக் காட்டுங்க, ஏறும், ஏன்னா சொவரு சூடு, வானம் குளிரு, சூடான எல்லாப் பொருளும் ரேடியோ இரைச்சல் விடும். உங்க உள்ளங்கைய எல்என்பி முன்னாடி வச்சாலும் ஏறும், எங்க வீட்டுக்கு வர்ற புள்ளைங்களுக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும்.

அப்புறம் சூரியன். டிஷ் நடுவுல ஒரு சின்ன கண்ணாடித் துண்டு, காசு அளவு, ஒட்டிட்டு அதோட வெளிச்சப் புள்ளி எல்என்பி மொகத்துல விழற மாதிரி திருப்புங்க. பெரிய கண்ணாடி ஒட்டாதீங்க, டிஷ் பூரா பளபளன்னு இருந்தா எல்என்பி மூடி உருகிடும், சூரியன கண்ணால நேரா பாக்கவும் வேணாம். சரியா விழுந்ததும் மீட்டர் நல்லாவே எகிறும், மேகம் போனாலும் எறங்காது. திரையில மட்டும் அதே புள்ளிக் கூட்டந்தான் இருக்கும், எப்எம் பொட்டி அளவ வெட்டி சமமாக்கிடும், அதனால மீட்டர் இல்லாத பொட்டியா இருந்தா ட்யூனரோட ஏஜிசி கால்ல (சிக்னல் பலத்துக்கு ஏத்த மாதிரி வோல்ட் மாறற எடம்) மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க.

மேடான்ல எங்க மாமா வீட்டுல 8 அடி பராபோலா இன்னும் நிக்குது, டிஜிட்டல் பொட்டியோட இதையும் சேத்து மாட்டலாமா?

மாட்டலாம். ரெண்டு வழி ஸ்பிளிட்டர் வாங்கறப்போ ஒரு பக்கம் மட்டும் கரண்டு போறதா வாங்கி, அந்தப் பக்கத்துல டிஜிட்டல் பொட்டிய மாட்டுங்க, அதுதான் எல்என்பிக்கு கரண்டு குடுக்கட்டும், ரெண்டு பொட்டியும் ஒரே நேரத்துல குடுத்தா சண்ட வரும். அனலாக் பொட்டியில டிஜிட்டல் சேனல் மேல போனா திரையில அடர்த்தியான இரைச்சலா தெரியும், மீட்டர் ஏறும், டிஷ்ஷத் திருப்பறப்போ இந்த மீட்டர் டிஜிட்டல் பொட்டிய விட வேகமா பதில் சொல்லும், மாமாவுக்கு அதுவே பெரிய உதவி.

நம்ம பக்கம் சாட்டிலைட் எல்லாம் தலைக்கு மேல இருக்குங்கறத மறந்துடாதீங்க. மேடான்லேருந்து 108 டிகிரியில இருக்கற டெல்கோம் 4 பாக்கறதுக்கு டிஷ் 78 டிகிரி நிமிரணும், பினாங்குலேருந்து 100.5 டிகிரின்னா 84, கிட்டத்தட்ட வானத்தப் பாத்த சட்டி. வல டிஷ்ஷா இருந்தா தண்ணி எறங்கிடும், தகடா இருந்தா அடியில ஓட்டை போட்டே ஆகணும், இல்லாட்டி மழத்தண்ணி நின்னு சிக்னலும் போகும், ஏடிஸ் கொசுவும் முட்ட வைக்கும், எங்க பக்கத்து தாமான்ல ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு டெங்கி வந்தத நான் பாத்திருக்கேன். இன்னொண்ணு, மார்ச் 20, செப்டம்பர் 23 ஒட்டின சில நாள்ல சூரியன் சரியா சாட்டிலைட்டுக்குப் பின்னாடி வரும், அப்போ சில நிமிஷம் டிஜிட்டல் படம் ஒடையும், அனலாக் மீட்டர் அதே நேரத்துல மெதுவா ஏறி எறங்கறதப் பாக்கலாம், மாமாகிட்ட சொல்லி வச்சு அந்த வாரம் போயிட்டு வாங்க.

பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கேன், சி பேண்ட் எல்என்பிய சும்மா ஜன்னல்ல வச்சேன், 1600 பக்கம் மீட்டர் ஏறுது, அனலாக் சேனல் புடிச்சிட்டேனா?

இல்ல ப்ரோ, அது 5ஜி. 3950 கேள்வியில போட்ட கணக்கையே போடுங்க, 5150லேருந்து 1600 போனா 3550 மெகாஹெர்ட்ஸ். 2021 டிசம்பர்ல கேஎல்ல 5ஜி ஆரம்பிச்சாங்கல்ல, அதுக்கு 3400லேருந்து 3600 வரைக்கும் குடுத்திருக்காங்க, பழைய எல்என்பிங்க அந்த எடத்தயும் சேத்துத்தான் கேக்கும், பொட்டியில அது 1550லேருந்து 1750 வரைக்கும் வரும். அகலமான பொட்டியா வாங்குங்கன்னு சொன்னது இதுக்குத்தான், 1450ல நிக்கற பொட்டியில இதப் பாக்கவே முடியாது.

டிஷ் வச்சு சாட்டிலைட் பாக்கறவங்களுக்கு இது பெரிய தொல்ல, டவர் பக்கத்துல இருந்தா எல்என்பி தெணறி மத்த எல்லாச் சேனலும் கெடும், அதுக்கு 3700லேருந்து 4200 மட்டும் விடற பில்டர எல்என்பிக்கும் பீட்ஹார்னுக்கும் (டிஷ்லேருந்து வர்ற அலைய எல்என்பிக்குள்ள விடற வாய்) நடுவுல போல்ட் போட்டு மாட்டணும், கேபிள்ல மாட்டற பில்டர் உதவாது, ஏன்னா அது வர்றதுக்குள்ள எல்என்பி தெணறி முடிஞ்சிருக்கும். உங்களுக்கு ஜன்னல்ல டிஷ்ஷே இல்ல, அதனால சந்தோஷமா வெளயாடுங்க, எல்என்பிய மெதுவா திருப்பி மீட்டர் எங்க உச்சத்துக்குப் போகுதுன்னு பாத்தா டவர் எந்தப் பக்கம்னு கண்டுபுடிக்கலாம், மொதல்ல அலுமினியத் தாள ஒரு கூம்பா சுருட்டி எல்என்பி வாயில மாட்டிக்கிட்டா தெச இன்னும் கூர்மையா தெரியும்.